உப்புப் பூத்த தரை

லைட்ஹவுஸ் குப்பம்,
ஆவணிக் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் சுபஸ்ரீக்கு நைனா எழுதுவது. கடலம்மா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முட்டிகூட இந்த வாரம் எங்களோடு ஒத்துப் போகிறது. நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் மற்றவர்களைப் பார்த்துக்கொள்வது போல உன்னையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துத்தானே பேசுகிறோம், அப்புறம் என்னத்துக்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் எங்கே பேசுகிறேன் பாப்பா, அம்மா பேசுவாள், நான் அவள் தோளுக்குப் பின்னால் பாதி முகமாகத் தெரிவேன், சாப்பிட்டியா நைனா என்று நீ கேட்பாய், நான் வாயைத் திறப்பதற்குள் அதற்கும் அவளே பதில் சொல்லி முடித்துவிடுவாள். பொன்னேரி அனிதா லீவு முடிந்து அயர்லாந்துக்குத் திரும்புகிறாள், உனக்கு ஏதாவது கொடுப்பதானால் கொடுங்கள், பெட்டியில் இடம் இருக்கிறது என்றாள். அம்மா இறால் ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் அதற்குள் இதை எழுதி ஊறுகாய் பாட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. முகத்துவாரத்தில் மறுபடியும் மண் ஏறிக் கிடக்கிறது, படகை நெட்டித் தள்ளிக் கடக்கிறதே பாதி வேலையாக இருக்கிறது. நம் படகு இன்ஜின் ஒருமுறை நடுக்கடலில் இருமிவிட்டு நின்றது, பயப்படாதே, பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள், இப்போது சரி பண்ணியாயிற்று. தோணிரேவு மாசிலாமணி மாமா புதிதாக ஒரு குட்டி யானை வண்டி வாங்கி, நண்டு ஏற்றுகிறேன் என்று ஊரெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு திரிகிறார். நீ கேட்ட அந்தச் சாம்பல் பூனை நம் புது வீட்டு மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்டிருக்கிறது, அதை அங்கிருந்து கிளப்ப அம்மா விடமாட்டேன் என்கிறாள், குடிவந்த வீட்டில் முதல் பிரசவமாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் ஒருநாள் அம்மா அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, ஹால் தரை ஏன் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். வெளிச்சம் அப்படி விழுகிறது என்று அம்மா சொன்னாள். வெளிச்சம் இல்லை பாப்பா. அன்றைக்கு உனக்குச் சொல்லக் கூடாது என்று அவள் என் வாயைக் கட்டிப் போட்டிருந்தாள். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், இடையிலே கோபப்பட்டு யாருக்கும் போன் போடாமல் கடைசிவரை படி.

நீ அங்கிருந்தே ஏற்பாடு பண்ணினாயே, புது வீட்டைச் சுத்தம் பண்ணித் தரும் கம்பெனி, அவர்கள் சொன்ன நாளில் சரியாகத்தான் வந்தார்கள். வேனில் வந்தார்கள், வேன் நம் தெரு முனையில் மணலில் புதைந்துவிட்டது, வலை பிரித்துக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளி வெளியே எடுத்தார்கள். விமல் என்று ஒரு ஆள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு, அவன்தான் சூப்பர்வைசர். அவன் பெண்டாட்டி நந்தினி, இன்னொரு பெண், அப்புறம் நம் படகு இன்ஜின் போலச் சத்தம் போடுகிற ஒரு மெஷின். அம்மா முந்தின நாளே புதுத் துடைப்பம் ஒன்று வாங்கி, எனக்குக்கூடத் தெரியாமல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவர்கள் மெஷினை இறக்குவதற்குள் இவள் துடைப்பத்தோடு ஹாலுக்கு வந்துவிட்டாள். அந்த நந்தினி சிரித்த முகமாகத்தான் சொன்னாள், அம்மா நீங்க உள்ள வரக் கூடாது, வெளிய போய் உக்காருங்க என்று. அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தாள். எதிரே பூவரச மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, யாரோ வீட்டு விசேஷத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டவள் போல மாலைவரை உட்கார்ந்திருந்தாள். நடுவில் எழுந்து பழைய வீட்டில் டீ போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள், டம்ளர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் மரத்தடிக்கே போய்விட்டாள். என்ன கோபம் என்று கேட்டேன், கோபம் ஒன்றும் இல்லை என்றாள். அவள் கோபம் ஒன்றும் இல்லை என்றால் எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியும்.

மாலையில் விமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பாப்பா, நான் பொய் சொல்லமாட்டேன், நீ தேடிப் பிடித்து எடுத்தாயே கருஞ்சாம்பல் டைல்ஸ், அது ஈரத்தில் மின்னுகிறதைப் பார்த்து நானே அசந்துபோனேன். உத்தரத்து மின்விசிறி தரையில் தெரிந்தது. அவன் போட்டோ மேல் போட்டோ எடுத்தான். "போட்டோவுல கண்ணாடி மாதிரி கீது சார், இங்க விரலால ஒரு கையெழுத்து போட்டுடுங்க" என்று போனை நீட்டினான், போட்டேன். போகும்போது, ஏரி நண்டு எங்கே நல்லதாகக் கிடைக்கும் சார் என்று கேட்டான், அடுத்த தடவை வா, வாங்கித் தருகிறேன் என்று நானும் வாய் நிறையச் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் நீ வீடியோவில் வந்தாய். அந்த ஈரத் தரையைப் பார்த்து நீ அழுதாய். அம்மா குனியாமலே வீடு பளபளக்குது பாத்தியா நைனா என்று சொல்லிச் சொல்லி அழுதாய். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்ல ஒரு குறையும் அகப்படவில்லையே என்ற குறை மட்டும் அவள் முகத்தில் இருந்தது.

மறுநாள் காலையில் போய்க் கதவைத் திறந்தால் தரை முழுக்க வெள்ளை. கோலமாவை யாரோ முறத்தில் வைத்து ஊதிவிட்டது போல, வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் வெள்ளை. நடந்தால் காலடி பதிகிறது, காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்கால் வெளுத்திருக்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், நம் போர்வெல் தண்ணீர்தான், சாட்சாத் உப்பு. அந்தத் தண்ணீரில் நாம் துணிகூட அலசுவதில்லை, செடிக்கும் ஊற்றுவதில்லை, அவர்கள் மோட்டாரைப் போட்டு வீடு முழுக்க அதையே ஊற்றி வாரியிருக்கிறார்கள், காய்ந்ததும் உப்பு பூத்துவிட்டது. அதோடு போயிற்றா, சமையலறை மேடைக் கருங்கல்லில் ஆசிட் பட்டு உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துக் கிடக்கிறது, கடல் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் பெயின்ட் பொட்டைப் பிளேடால் சுரண்டி, பொட்டும் போகாமல் கீறலும் விழுந்திருக்கிறது. அலமாரிக் கதவைத் திறந்தால் ஆசாரி விட்டுப்போன மரத்தூள் அப்படியே இருக்கிறது. குளியலறையில் சிமென்ட் துண்டுகளை ஓட்டைக்குள்ளேயே தள்ளிவிட்டார்கள் போல, தண்ணீர் போகமாட்டேன் என்று தேங்கி நிற்கிறது. அம்மா பின்னாலேயே வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அவளோ பெரிய நண்டு விழுந்த கூண்டைத் தூக்கிப் பார்க்கிறவள் போல முகமெல்லாம் மலர்ந்து நின்றாள். "இன்னா, நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா" என்றாள். அவள் ஒன்றுமே சொல்லவில்லை என்பதுதான் உண்மை, மரத்தடியில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள், ஆனாலும் அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

அப்புறம் எங்களுக்குள் பெரிய சண்டை. புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு இப்போதே உட்கார்ந்து தேய்த்துவிடுகிறேன் என்று இவள். முட்டி ஆபரேஷன் பண்ணினவள் தரையில் உட்கார்ந்தால் உன் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று நான். அவளுக்கு எப்படித் தெரியும், நீ சொன்னால்தானே என்று இவள். கம்பெனிக்காரன் வந்து செய்துவிட்டுப் போகட்டும், அவன் வேலைதானே என்று சொல்லி, நீ கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, இந்திக்கு இரண்டை அழுத்து என்று ஒரு குரல், அப்புறம் பாட்டு, அப்புறம் மறுபடியும் ஒன்றை அழுத்து. கடைசியில் ஒரு பெண் குழந்தை போல மெல்லிய குரலில் பேசினாள். விவரமெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சார், கஸ்டமர் அஞ்சு ஸ்டார் குடுத்து முடிச்சிட்டாங்களே, இனிமே எதுவும் செய்ய முடியாதே என்றாள். கஸ்டமர் நான்தானே அம்மா, நான் எங்கே கொடுத்தேன் என்றேன். இல்ல சார், கஸ்டமர் சுபஸ்ரீ மேடம் என்றாள். அப்படியானால் நான் யார் என்றேன். நீங்க சைட் கான்டாக்ட் சார் என்றாள். நான் மணல் அள்ளி, கல் சுமந்து, கொத்தனாரோடு கத்திக் கட்டின வீட்டில் நான் சைட் கான்டாக்ட். அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. உன்னிடம் சொல்லி அந்த ஸ்டாரைக் குறைக்கச் சொன்னால்தான் மறுபடியும் வருவார்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நான் உனக்குப் போன் போடப் போனேன். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "நேத்து அவ அழுதத பாத்தல்ல, அந்த சந்தோஷத்த கெடுக்காத" என்றாள். அவ்வளவுதான். நானும் போனைத் திரும்பக் கேட்கவில்லை. வீடு குடிபோகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று, ஐயர் வரைக்கும் சொல்லியாயிற்று. இந்த நேரம் பார்த்து மாசிலாமணி மாமா வந்து தரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "புது வூட்டுக்கு மொதல்ல உப்பு தான் எடுத்துட்டு போவணும், உங்க வூட்டுக்கு அதுவே வந்து உக்காந்துகிச்சு, இன்னா கொறை" என்றார். அம்மா துடைப்பத்தைத் தூக்கினாள், அவர் வண்டிக்கு ஓடிவிட்டார்.

இரண்டு மூன்று நாள் யோசித்தேன். அந்த விமல் என் போனுக்கு ஒருமுறை பேசியிருந்தான், அவன் நம்பர் இருந்தது. தரை கெட்டுப்போய்விட்டது வா என்றால் வரமாட்டான் என்று தெரியும். அதனால், தம்பி, நல்ல ஏரி நண்டு வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வா, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போ என்றேன். நண்டு உண்மைதான், மாமா நிஜமாகவே கொண்டுவந்து சாக்கில் போட்டிருந்தார், அதனால் இதில் பொய் ஒன்றும் இல்லை. ஞாயிறு காலையில் இரண்டு பேரும் பைக்கில் வந்து இறங்கினார்கள், நந்தினி தலையில் பூ வைத்துக்கொண்டு, அவன் வெளுப்புச் சட்டை போட்டுக்கொண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுப் புது வீட்டுக்குள் வாருங்கள் என்றேன். ஹாலைப் பாதி கடந்ததும் விமல் நின்றான். காலைத் தூக்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தண்ணி உப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார் என்றான். தண்ணீர் எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி என்றேன். அவன், சென்னையில் போகிற வீட்டிலெல்லாம் லாரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர், யாரும் கேட்பதில்லை என்றான். நான், இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், யாரும் சொல்வதில்லை என்றேன். பேச்சு கொஞ்சம் தடிக்கத்தான் தடித்தது, கையெழுத்துப் போட்டது யார் என்று அவன் கேட்கிற அளவுக்கு. அப்போது நந்தினி குறுக்கே வந்தாள். அவள் சத்தம் போடவில்லை. "இத கழுவுனது நான் தாங்க. அடுத்த வூட்டுக்கு நேரமாச்சுன்னு இவரு தொரத்திக்கினே இருந்தாரு, காயறதுக்குள்ள கெளம்பிட்டோம். நான் கழுவுன தரைய காஞ்சப்புறம் பாத்ததே இல்ல" என்றாள். அப்புறம் தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகினாள்.

அம்மா விடவில்லை. சாப்பிட வந்தவர்களை வேலை வாங்குவதா, இதுவா மரியாதை என்று என்னைத்தான் திட்டினாள். நந்தினி கையிலிருந்த துணியைப் பிடுங்கப் போனாள், அவள் கொடுக்கமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் ஒரு துணிக்கு இழுத்துக்கொண்டு நின்றபோதுதான் அம்மா மனசில் இருந்தது வெளியே வந்தது. "தரை போனா போவுது. வூட்டுக்காரிய பாத்து வெளிய போய் உக்காருன்னு சொன்னியேம்மா, அது தான் எனக்கு ஆறவே இல்ல" என்றாள். ஒரு பெண் பிள்ளை கண்காணாத தேசத்தில் ராத்திரி பகலாக நின்று சம்பாதித்துக் கட்டின வீடு, அதை நான் முதலில் தொட்டுக் கும்பிட்டு ஒரு பெருக்குப் பெருக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா என்றாள். பாப்பா, கூடவே இருக்கிற எனக்கு அதுவரைக்கும் இது தெரியாது. கருஞ்சாம்பல் டைல்ஸுக்காக வருத்தப்படுகிறாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நந்தினி துணியை விட்டுவிட்டாள். பிறகு, "அது நான் சொன்னது இல்லம்மா. உங்க பொண்ணு முந்தின நாள் எங்கள புடிச்சு போன்ல பேசினாங்க. எங்கம்மா சும்மா இருக்க மாட்டாங்க, முட்டியில ஆபரேஷன் ஆயிருக்கு, எவ்ளோ கேட்டாலும் ஒரு துணிய கூட கையில குடுக்காதீங்க, நெழல்ல உக்கார வச்சு ஒரு டீ வாங்கி குடுங்கன்னு சொன்னாங்க" என்றாள். டீ எங்கே நாங்கள் வாங்கிக் கொடுத்தோம், நீங்கள்தான் போட்டுக் கொடுத்தீர்கள், அதற்குத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அம்மா, என் பொண்ணா பேசினா, எப்போ பேசினா, அங்க அப்போ இன்னா நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நந்தினி தெரிந்தவரைக்கும் சொன்னாள். மறுபடியும் முதலிலிருந்து சொல்லு என்றாள் அம்மா. அவளும் மறுபடியும் சொன்னாள். நிழல் என்று சொன்னாளா என்று கேட்டாள். ஆமாம்மா, வெயில் அங்க ஜாஸ்தி, நிழல்ல தான் உக்கார வைக்கணும்னு சொன்னாங்க என்றாள். அம்மா முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டு, சரி, இன்னா பார்த்துக்கினு நிக்கற, போய் நல்ல தண்ணிக்கு வழி பாரு என்று என்னைப் பார்த்து அதட்டினாள். எனக்கு உயிர் வந்தது.

நல்ல தண்ணீருக்கு மாசிலாமணி மாமாவைத்தான் பிடித்தேன். பழவேற்காட்டில் அவருக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துக் கிணறு, தித்திக்கிற தண்ணீர், குட்டி யானையில் கொண்டுவருகிறேன் என்று ஹாரன் அடித்துக்கொண்டு போனார், கொண்டும் வந்தார். எதில் கொண்டுவந்தார் தெரியுமா, மீன் ஐஸ்பெட்டியில். கழுவித்தான் எடுத்தேன் என்று சத்தியம் பண்ணினார். முதல் பெட்டியை ஊற்றினதும் ஹால் முழுக்கக் கவலை மீன் வாடை. விமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அம்மா தன் தம்பியைத் திட்டின திட்டை நான் இங்கே எழுதமுடியாது, ஆனால் திட்டி முடித்ததும், கடல்காரன் வூடு, மொதல் வாசனை மீனாவே இருந்துட்டு போவட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் டிரம்மில் வந்தது. விமலும் மாமாவும் தண்ணீர் தூக்க, நந்தினி தேய்க்க, நான் தண்ணீரை வாசலுக்குத் தள்ள, ஒரே கூத்து. அம்மாவை என்ன செய்வது என்பதற்கு நந்தினிதான் வழி சொன்னாள். குனியாமல் நின்றுகொண்டு செய்கிற வேலையென்றால் உங்கள் பொண்ணு ஒன்றும் சொல்லமாட்டாங்க என்று ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். நிலைப்படி, கதவு, ஜன்னல் கம்பி, சுவிட்சுப் பலகை, எட்டின இடமெல்லாம் அம்மா துடைத்தாள். தலைவாசல் நிலைக்கு மட்டும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று நீ பார்த்திருக்க வேண்டும். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துடைத்தாள். குளியலறை ஓட்டைக்குள் கையை விட்டுச் சிமென்ட் துண்டுகளை விமல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான், எடுக்கும்போதெல்லாம் நந்தினியைத் திரும்பிப் பார்த்தான், அவள் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் யாரும் உள்ளே போகக் கூடாது, காயட்டும் என்று நந்தினி சொல்லிவிட்டாள். மரத்தடியில் பாய் போட்டு எல்லாரும் சாப்பிட்டோம். அம்மா நண்டுக் குழம்பு எப்படி வைப்பாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எழுதி உன் வாயில் எச்சில் ஊற வைப்பானேன். சாப்பிடும்போதே ஒவ்வொருவராக எழுந்து போய் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் நந்தினி போனாள். கொஞ்ச நேரம் வரவேயில்லை. போய்ப் பார்த்தால், ஹாலுக்கு நடுவே நின்று காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளங்காலில் ஒன்றும் ஒட்டவில்லை. காஞ்சப்புறமும் கருப்பாவே கீதுங்க என்றாள், சின்னப் பிள்ளை போல. இப்போது நீ போனில் பார்க்கிற தரை அதுதான், வெளிச்சமும் இல்லை ஒன்றும் இல்லை. எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மேடைக் கருங்கல்லில் ஆசிட் தழும்பு அப்படியே இருக்கிறது, அது போகாது, கல்லையே தின்றுவிட்டது என்று விமல் ஒத்துக்கொண்டான். அம்மா அதன்மேல் கிரைண்டரைத் தூக்கி வைத்துவிட்டாள். ஜன்னல் கீறலும் இருக்கிறது, வேறு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், அவசரம் இல்லை. கிரகப்பிரவேசத்தன்று ஊரே வெறுங்காலோடு மணலை அள்ளிக்கொண்டு வந்து நடந்ததில், சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் தரை கடற்கரை ஆகிவிட்டது, அது வேறு கதை.

அந்த ஐந்து ஸ்டார் விஷயம். நீ இதைப் படித்ததும் உனக்குக் கை பரபரக்கும் என்று எனக்குத் தெரியும். குறைத்தால் என்ன ஆகும் என்று நானே விமலைக் கேட்டேன். கொஞ்ச நாளைக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் வேலை வராது சார், அது மேடம் இஷ்டம் என்றான். வேண்டாம் என்று கெஞ்சவில்லை. ஒரே நாளில் வீட்டுக்கு மேல் வீட்டை இவர்கள் தலையில் கட்டுகிற கம்பெனி மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இவர்கள் மேல் இல்லை, ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து மீன் வாடையில் நின்றவர்கள் இவர்கள். நீ படித்தவள், யார் மேல் போடுவது, எப்படி எழுதுவது என்று உனக்குத் தெரியும், உன் மனசுப்படி செய். கடலோரத்து வீடு என்றால் தண்ணீரை முதலில் கேளுங்கள் என்று ஒரு வரி மட்டும் எங்காவது எழுதிவிடு, இன்னொரு வீட்டுக்காரி தப்பிப்பாள்.

இவ்வளவும் நான் எழுத உட்கார்ந்தது தரைக்காக இல்லை. நீ போனில் பேசி அம்மாவை நிழலில் உட்கார வைக்கச் சொன்னது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதை உனக்குச் சொல்லத்தான். அவளாகச் சொல்லமாட்டாள். உன்னிடம் பேசும்போது இப்போதெல்லாம் நடுவில் ஒரு நொடி சும்மா இருக்கிறாளே, சிக்னல் போய்விட்டது என்று நீ ஹலோ ஹலோ என்கிறாயே, சிக்னல் இல்லை பாப்பா, அதுதான்.

இன்னும் ஒன்று. மாடியில் உன் அறைக்குள் அவர்கள் முதல் நாளும் போகவில்லை, வார்னிஷ் காயாததால் பூட்டியிருந்தது. அந்த ஞாயிறு நந்தினி அதையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று படியேறினாள். அம்மா முட்டி வலியைப் பார்க்காமல் அவளுக்கு முன்னால் ஏறிப் போய் சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "அது என் பொண்ணு ரூமு. அவ வந்து பெருக்கட்டும், நான் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்தறேன்" என்றாள். கிரகப்பிரவேசத்தன்று வந்த உன் அத்தை, புது வீட்டில் ஒரு அறை தூசியோடு கிடக்கிறதே என்று கேட்டபோதும் அம்மா அந்தச் சாவி முடிச்சை அவிழ்க்கவில்லை. சுண்ணாம்புத் தூசி, பெயின்ட்காரன் செருப்புத் தடம், ஆசாரி விட்ட ஆணி எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மா தினமும் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் பூட்டிவிட்டு வருகிறாள். தையில் லீவு கேட்டிருக்கிறேன் என்றாயே, அதை எப்படியாவது வாங்கிவிடு. அழுக்கானால் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு பழைய உடுப்பு எடுத்துக்கொண்டு வா.

கடலம்மாவும் நம் குலசாமியும் உன் கூடவே இருந்து, போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களாகக் காட்டட்டும். நீ நீண்ட ஆயுசோடு, நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிடுகிறோம். ராத்திரி டியூட்டிக்குப் போகிற நாளில் வெறும் காபியோடு போகாதே. ஊறுகாய் பாட்டிலை நிமிர்த்தியே வை, எண்ணெய் கசியும். அனிதாவுக்கும் அதில் பாதி கொடு, சுமந்து வருகிறவள் அவள்தான்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
உன் நைனா,
துளசிங்கம்